அம்சவள்ளியின் இருபது நிமிடம்

புக்கிட் செந்தோசாவில் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு வெள்ளை வேன் வாசலில் நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்தால், அந்த வீட்டுப் பிள்ளை சப்பாத்து போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் வெளியே ஓடிவந்துவிடும். மூன்றாவது ஹாரன் கிடையாது. வேன் ஓட்டும் அம்சவள்ளி வைத்த சட்டம் அது. பதினாறு வருஷமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். அவளுடைய வேன் ஐம்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பின்னால் வருகிற லோரிக்காரன் அவசரப்படுத்தினால் கண்ணாடியில் ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்திருப்பது பதினான்கு பிள்ளைகள், மற்றதெல்லாம் அப்புறம்.

இதே அம்சவள்ளி இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிப்பாங் பந்தயத் தடத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நூற்றெண்பதில் பறக்கிறாள் என்று சொன்னால் பெற்றோர் சங்கத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிற மீதிப் பேர் பிள்ளையை வேறு வேனுக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. ட்ராக் டே என்று ஒரு நாளை ஒதுக்கி, சொந்தக் காரைக் கொண்டு வருகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு இருபது நிமிடம் என்று தடத்தில் ஓட விடுவார்கள். நல்ல கார் என்றால் இருபது நிமிடத்தில் ஆறு ரவுண்டு வரும்.

இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவளுடைய புருஷன் முகுந்தன். ஈஜோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கிறவன். வேலையில் கெட்டிக்காரன், வாயில் அதைவிடக் கெட்டிக்காரன். இரண்டு கதவு வைத்த பழைய கார் ஒன்றை எங்கேயோ கண்டுபிடித்து, ஜப்பானிலிருந்து பழைய கார்களின் முன்பாதியை மட்டும் வெட்டிக் கப்பலில் அனுப்புகிறார்களே, அப்படி வந்த ஒன்றிலிருந்து டர்போ என்ஜினைப் பிடுங்கி இதற்குள் திணித்தான். முதல் தடவை சிப்பாங் போனபோது ஓட்டியவனும் அவன்தான். பக்கத்தில் அம்சவள்ளி. மூன்றாவது வளைவில் அவனுக்குத் தலை சுற்றியது. ஏழாவது வளைவில் முகம் வெளுத்துவிட்டது. பிரேக்கை ரொம்ப முன்னாலேயே மிதிக்கிறீர்கள், அதனால்தான் வண்டி ஆடுகிறது என்று அவள் சொல்லப்போக, அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ்ளோ தெரிஞ்சா நீயே ஓட்டு லா" என்றான்.

அவளுடைய நாற்பத்து நான்கு வருஷத்தில் யாரும் இதைவிட உருப்படியான ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓட்டினாள். எஸ்டேட் லயத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் ரவாங் தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, கல்யாணம், பிள்ளை, வேன் என்று ஓடிய பொம்பளை, ஒரு வளைவிலிருந்து வெளியே வந்து காலை முழுதாக அமுக்கியபோது வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் முகுந்தன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அன்றையிலிருந்து ஓட்டுவது அவள் பாடு, என்ஜின் அவன் பாடு என்று ஆகிவிட்டது. அவனுக்கும் அதில் பெரிய நிம்மதி.

ஆனால் அந்த இருபது நிமிடம் ஒரு தடவைகூட அவளுக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. மூன்றாவது ரவுண்டு வந்ததும் சூடு ஏறும். முகுந்தன் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த சின்ன மீட்டரில் தொண்ணூறு, தொண்ணூற்றாறு, நூறு என்று எண் தாவும். நூற்றைந்தைக் காட்டினால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். சீறிக்கொண்டிருக்கும் காரைக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி அவள் பாட்டில் தண்ணீர் குடிப்பாள். இரண்டு தடவை உள்ளே வந்து சேர்வதற்குள்ளேயே கொதித்துப்போய், என்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது. இரண்டு தடவையும் கழற்றிச் சீவி மாட்டினார்கள்.

முகுந்தனுடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். சூடாகிறதா, பெரியதாகப் போடு. முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தான், சரிப்படவில்லை, திரும்ப மாட்டினான். பெரிய ரேடியேட்டர் போட்டான். அதற்கு முன்னால் டர்போக் காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரை ஒரு சைஸ் பெரியதாக மாற்றினான். அதற்கும் முன்னால் எண்ணெய் குளிர ஒரு கூலர். பின்னால் இரண்டு ஃபேன். சூடு வெளியே போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பானெட் கீலுக்கு அடியில் வாஷர் கொடுத்துத் தூக்கியும் பார்த்தான். பம்பருக்குள் இருந்த சாமானைப் பார்த்தால் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகிற லோரி மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை பார் என்பான். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது ரவுண்டில் நூற்றைந்து.

கடைசியாக ஹெட்டைச் சீவியபோது பட்டறைக்கார செல்வா முகுந்தனைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இதுக்கு மேல சீவுனா அப்பளந்தான். இன்னொரு தடவ கொதிச்சா என்ஜின தூக்கிப் போட்றணும்" என்று சொல்லிவிட்டான். வீட்டில் பேசி முடிவெடுத்தார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை போவது. கொதித்தால், காரையும் கொடுத்துவிடுவது, ஆசையையும் விட்டுவிடுவது. இன்னொரு என்ஜின் தேடுகிற தெம்பு தனக்கு இல்லை என்று முகுந்தனே ஒப்புக்கொண்டான். ரவாங்கில் ஆபிசில் வேலை பார்க்கும் மகள் துளசி இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாள். அம்மா அதற்குப் பதிலாக யோகா வகுப்புக்குப் போகலாம், வாரத்தில் இரண்டு நாள், இடுப்புக்கும் நல்லது என்றாள்.

அம்சவள்ளி சரி என்றுதான் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் வேன் ஓட்டும்போது, ஐம்பதில் ஒரு வளைவு திரும்புகையில், அந்தச் சரி அவளுக்கே பொய்யாகப் பட்டது. மற்ற நாளெல்லாம் அவள் யாரையாவது எங்கேயாவது கொண்டுபோய் விடுகிறாள். எங்கேயும் போகாமல், யாரையும் இறக்காமல், சும்மா தனக்காக ஓட்டுவது அந்த ஓர் இடத்தில்தான். அதை யோகாவால் ஈடுகட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசித் தடவையாக இருக்கலாம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் அவள் பிறந்த எஸ்டேட்டின் அம்மன் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோனார்கள். பூசாரி அழகேசன் வார நாளில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வண்டிப் பூசை என்றால் அவருக்குத் தனி உற்சாகம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பானெட்டில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். பிறகு கைத்தண்டி செவ்வந்தி மாலை ஒன்றை இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரைக்கும் பம்பர் வாயைச் சுற்றி இழுத்துக் கட்டினார். முகுந்தன் மெதுவாக, காற்று போகிற வழி சாமி, மறைக்குமே என்றான். அழகேசன் காதில் வாங்கவில்லை. அம்சவள்ளியும் விடவில்லை. அம்மனுக்குச் சாத்தி எடுத்த மாலையை யாராவது கையால் பிய்ப்பார்களா, அது தானாக வாடி உதிர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்தில் எத்தனையோ வேனும் லோரியும் காய்ந்த மாலையோடு வாரக்கணக்கில் ஓடுகின்றன. எதுவும் நின்றதில்லை. ஆனால் எதற்குள்ளும் இப்படி ஒரு டர்போ இல்லை என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஹைவேயில் எப்போதும் எண்பத்தெட்டில் நிற்கிற எண், ஷா ஆலாம் தாண்டியதும் தொண்ணூற்றைந்துக்கு வந்தது. பிறகு தொண்ணூற்றொன்பது. நூற்றிரண்டு. இன்னும் தடத்தில் கால்கூட வைக்கவில்லை. அடுத்து வந்த ஓய்வுத் தலத்தில் அவள் காரைத் திருப்பி ஒரு மரத்தடியில் நிறுத்தினாள். நல்லவேளை, கொதிக்கவில்லை.

முகுந்தன் இறங்கிக் கொஞ்ச நேரம் காரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாலையால்தான் என்று சண்டை பிடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் சண்டை பிடிக்கவில்லை. திரும்பிப் போய்விடலாம், இருக்கிற என்ஜினோடு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, தேத்தண்ணி வாங்குவதற்குக் கடைப்பக்கம் நடந்தான். இத்தனை வருஷமாகத் தன் கையால் சரிபண்ண முடியாதது எதுவும் இல்லை என்று பேசிய மனுஷன் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

பானெட்டைத் திறந்தாள். திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பூ.

பாட்டரி மேல் மஞ்சள் மஞ்சளாகச் செவ்வந்தி இதழ். விளக்குக்குப் பின்னால் ஒரு கைப்பிடி. குனிந்து பார்த்தால் என்ஜினுக்கு அடியில் இருந்த தகட்டில் ஒரு கோலமே கிடந்தது. வேகத்தில் மாலை பிய்ந்து, காற்றோடு உள்ளே வந்திருக்கிறது. அம்மன் பூ இப்படி எண்ணெய் அழுக்கில் கிடக்கிறதே என்று வருத்தத்தோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கியவளுக்குப் பாதியில் கை நின்றது. ரேடியேட்டர் மேல் ஏன் பூ இல்லை? டார்ச் அடித்துப் பார்த்தாள். இன்டர்கூலர் முகத்தில் மூன்று இதழ். ரேடியேட்டர் முகத்தில் ஒன்றுமில்லை. காற்று போகிற இடத்துக்குத்தானே பூவும் போகும்? பம்பர் வாய்க்கும் இந்தக் கூலர்களுக்கும் நடுவே இரண்டு பக்கமும் நான்கு விரல் சந்து. கீழே ஒரு சாண். முன்னால் நுழைந்த காற்று, வழியில் அடுக்கி வைத்த தடுப்பையெல்லாம் பார்த்துவிட்டு, எவனுக்கு வந்த விதியோ என்று ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

முகுந்தன் இரண்டு கையிலும் தே பொட்டலத்தோடு வந்தான். அவள் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. டார்ச்சை அவன் கையில் கொடுத்து, பூ இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் காட்டினாள். அவன் குனிந்து இரண்டு பக்கச் சந்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"என்னங்க, உங்க மில்லுல பாய்லர் காத்துக்குழாய்க் கதவ இப்படித் தொறந்து போட்டா சும்மா விடுவீங்களா?"

முகுந்தன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆலையில் காற்றுக்குழாயின் கதவு விரற்கடை திறந்திருந்தாலும் தீ மங்கிவிடும். அதற்காக அவன் கத்துகிற கத்தலில் எடை மேடையில் நிற்கும் லோரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். காற்றுக்கு வழி காட்டு, இல்லாவிட்டால் அது சுகமான வழியில் போய்விடும் என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். அத்தனையும் அவன் காருக்குள்தான் நடக்கவில்லை.

"ரெண்டு வருஷமா காத்தே போகாத ரேடியேட்டரத்தான் பெருசு பண்ணிக்கிட்டிருந்தேனா" என்றான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

முதலில் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவளே மிச்ச மாலையை அவிழ்த்து மரத்தடியில் வைத்தாள். அடுத்து, சந்தை அடைக்கச் சாமான் வேண்டும். காருக்கு அடியில் படுத்து வேலை செய்ய முகுந்தன் எப்போதும் பின்னால் ஒரு நெகிழிப் பலகை போட்டு வைத்திருப்பான். போன தேர்தலில் நின்று தோற்றுப்போன ஒரு வேட்பாளர் அதில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைக் கத்தியால் நான்காக வெட்டினார்கள். இடது சந்துக்கு ஒரு துண்டு, வலது சந்துக்கு ஒன்று, அடியில் ஒன்று, மேலே பானெட் பூட்டுக்குக் கீழே ஒன்று. பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரைக்கும் ஒரு பெட்டி மாதிரி ஆயிற்று. உள்ளே வந்த காற்று இனி வேறெங்கும் போக முடியாது, ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். ஓரங்களில் விட்ட இடைவெளிக்குச் சீட்டில் போட்டிருந்த பழைய பஞ்சு மெத்தையைக் கிழித்துத் திணித்தார்கள். கேபிள் டை, ஏர்கோன் குழாய்க்கு ஒட்டும் வெள்ளி டேப். தூக்கி வைத்த பானெட்டின் வாஷர்களையும் முகுந்தன் தன் கையாலேயே கழற்றிவிட்டான். முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் அந்த இடைவெளி வழியாகக் காற்று வெளியே போகாது, உள்ளேதான் வரும், தனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

நாசி லெமாக் சாப்பிட வந்த குடும்பங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. ஒரு பெரியவர் தண்ணீருக்குப் பதில் இளநீர் ஊற்றலாம் என்று யோசனை சொன்னார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பம்பர் வழியாக உற்றுப் பார்த்தால் வேட்பாளரின் பாதிச் சிரிப்பு மட்டும் உள்ளே தெரிந்தது. தேர்தல் முடிந்த பிறகாவது ஒரு காரியம் செய்கிறார் என்றான் முகுந்தன். ஹைவேயில் ஏறியதும் எண் எண்பத்து நான்குக்கு இறங்கி அங்கேயே நின்றது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் ஏறிவிடுமோ என்ற பயம்.

பதினோரு மணிக்கு அவளுடைய கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. முகுந்தன் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். நூற்றைந்தைக் காட்டினால் யோசிக்காமல் வந்துவிடு, அவ்வளவு போதும் என்றான். அவள் தலையாட்டினாள்.

முதல் ரவுண்டை வேன் ஓட்டுகிற மாதிரி ஓட்டினாள். இரண்டாவதில் நீளமான நேர்த்தடத்தில் காலை முழுதாக விட்டாள். தொண்ணூற்றொன்று. மூன்றாவது ரவுண்டு. எந்த வளைவில் எண் தாவத் தொடங்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அந்த வளைவு வந்தது. தொண்ணூற்று நான்கு. கடைசிக் கொண்டை ஊசி வளைவில் கை தன்னாலேயே உள்ளே போகிற பாதைக்குத் திரும்பப் பார்த்தது. எத்தனை மாதப் பழக்கம். அதட்டி நேராக்கிக்கொண்டு நான்காவது ரவுண்டுக்குள் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் புதுசு. சூடேறிய டயர் எப்படிப் பிடிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அவள் எப்போதும் அதற்கு முன்னாலேயே உள்ளே வந்துவிடுவாளே. வளைவில் கார் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. ஐந்தாவது ரவுண்டில் தொண்ணூற்றாறு. அப்புறம் மீட்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பார்க்க நேரமில்லை. உரக்கப் பாடினாள், என்ன பாட்டு என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆறாவது ரவுண்டு முடிகிற இடத்தில், மேடையில் நின்ற ஓர் ஆள் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி ஒன்றை வீசினான். அழகாக இருந்தது. யாரோ எதையோ ஜெயித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அதே வேகத்தில் அவனைக் கடந்து போனாள்.

முன்னால் போன கார்களெல்லாம் நடை போடத் தொடங்கின. பாவம், எல்லாருக்கும் சூடேறிவிட்டது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டினாள். பிறகு தடத்தில் யாருமே இல்லை. ஐந்தரைக் கிலோமீட்டரும் அவளுக்கே. திரும்ப மேடைப் பக்கம் வந்தபோது அதே ஆள் இப்போது சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் வீசினான். சுவரோரம் முகுந்தன் குதித்துக் குதித்துக் கையாட்டினான். சந்தோஷப்படுகிறான் என்று அவளும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். தடம் முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. மெதுவாகச் சுற்றி உள்ளே வந்தாள்.

அங்கே ஓர் அதிகாரி இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார். மலாய் மொழியில் பிடி பிடி என்று பிடித்தார். கட்டக் கொடி காட்டினால் நேரம் முடிந்தது, வேகத்தைக் குறைத்து ஒரே ஒரு ரவுண்டில் உள்ளே வர வேண்டும், காலையில் கூட்டத்தில் சொன்னபோது தூங்கினீர்களா, எத்தனை தடவை வந்திருக்கிறீர்கள், இதுகூடத் தெரியாதா? தலைக்கவசத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சப்பாத்து மறந்த பிள்ளை மாதிரி அம்சவள்ளி நின்றாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, பதினோரு தடவை வந்திருக்கிறேன், அந்தக் கொடி காட்டுகிற வரைக்கும் ஓடியது இன்றைக்குத்தான் என்று மெல்லச் சொன்னாள். அவர் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த இருபது நிமிடம் ஓடக் கூடாது, அதுதான் தண்டனை என்று கொஞ்சம் இறங்கிய குரலில் சொல்லிவிட்டு, போகிற போக்கில் வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனார்.

முகுந்தன் ஓடி வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. அவள் முகத்தைப் பார்த்தால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

"என்னா அம்சா, அவ்ளோ பெரிய கொடிய காட்டுனாங்க, நீ பாக்கலயா?"

"பாத்தேங்க" என்றாள். "எனக்குன்னு தெரியல."